சம்மன்காரர் போட்ட பாவு

கேள்வி கேட்பதற்கென்றே பிரம்மா ஒருவரைப் படைத்தார் என்றால், அவர் எங்கள் ஊர்ச் சம்மன்காரர்தான். வாய் வைத்த பிறகு மிச்சமிருந்த மண்ணில்தான் கை கால் செய்திருக்க வேண்டும், அவ்வளவு ஒல்லி.

சேலத்துக்கும் மேட்டூருக்கும் நடுவில் எங்கள் நெசவூர். மேட்டூர் அணை கட்டி முடிந்த சமயம் நான் அங்கே பஞ்சாயத்து போர்டு குமாஸ்தா. அவர் நெசவாளி, போர்டு மெம்பர்; எதற்கெடுத்தாலும் யாரையாவது கூப்பிட்டு விசாரிப்பதால் ஊர் வைத்த பெயர்தான் சம்மன்காரர். ரசத்தில் உப்புக் கூடினால் மனைவியைச் சாட்சிக்கு அழைப்பார். அந்த அம்மாளோ, நேற்று விறகு பிளக்காதது யார் என்று குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவார். ஒருமுறை நூலை மென்ற ஆட்டையே விசாரித்தார். ஆடு வாய் திறக்கவில்லை. பதில் சொல்லும்வரை தழை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்னவர் குளிக்கப் போன நேரத்தில் அந்த அம்மாள் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டார்.

அந்த வருஷம் நெசவுத் தெருவில் வாந்திபேதி வந்தது. செத்தவர்களில் சம்மன்காரரின் தம்பியும் ஒருவர். பொதுக் கிணற்றுக்கு மருந்து போட்டதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தார். போட்டதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தெருவே இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

போர்டு கூடி இன்ஸ்பெக்டரை அழைத்தது. தாம் சர்க்கார் உத்தியோகஸ்தர், நெசவாளிகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று அவர் எழுந்து போய்விட்டார். கூப்பிட்டுக் கேட்கலாமே தவிர, பதில் சொல்லாதவரைத் தண்டிக்க நமக்கு அதிகாரமில்லை என்று தலைவர் விளக்கினார்.

“ஏனுங்க, பதில் சொல்லாம போறதுக்கு அவுருக்கு மட்டும் எந்தச் சட்டத்துலீங்க அதிகாரம் இருக்குது?” என்றார் சம்மன்காரர். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு போடுவார்கள். நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். காய்ந்து சுருட்டும்வரை யாரும் அதைத் தாண்டக்கூடாது என்பது ஊர்க்கட்டு. சாமி ஊர்வலம்கூட நின்றுதான் போகும்.

மறுநாள் விடிந்தபோது இன்ஸ்பெக்டர் குடியிருந்த முட்டுச் சந்தின் வாயில் குறுக்கும் நெடுக்குமாகப் பாவு. அன்று சங்ககிரியில் கலெக்டர் முகாம், இன்ஸ்பெக்டர் போயாக வேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் திகைத்து நின்றார். ஜட்கா அந்தப் பக்கம். நூலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வண்டிக்காரன் கும்பிட்டுவிட்டு மறுத்தான். போலீசை அழைத்தார். வந்த கான்ஸ்டபிளும் நெசவாளி மகன், பாவைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். காயட்டும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தார். காய்ந்த இடத்திலெல்லாம் சம்மன்காரர் மறுபடி கஞ்சி தெளித்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஈரமா இருக்குதுங்க. கெணத்துக்கு மருந்து போட்டீங்களா சாமி?”

வெயில் ஏறியது. கோட்டு நனைந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். “போடலய்யா. மருந்து தீர்ந்துபோச்சு. மேல கேக்கப் பயந்து, போட்டதா எழுதிட்டேன்.”

குடத்தோடு நின்ற பெண் ஒருத்தி தண்ணீரை அப்படியே தரையில் கொட்டினாள். சம்மன்காரர் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு பாவைச் சுருட்டச் சொன்னார். “போயிட்டு வாங்க. வாரப்ப மருந்தோட வாங்க” என்றார்.

அன்று சாயங்காலமே மருந்து வந்தது. கொஞ்ச நாளில் மேலதிகாரியும் வந்தார். சர்க்கார் உத்தியோகஸ்தரை மறித்தது யார் என்று கேட்டார். தெரு மொத்தமும் வானத்தைப் பார்த்தது. வாயைத் திறக்காதீர்கள், ஒருவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று நான் சம்மன்காரர் காதைக் கடித்தேன்.

“நாஞ் சொல்லாம நின்னா, அப்பறம் எவனப் போயிக் கேக்கறதுங்க?” என்றவர் முன்னே போய் நின்றார். “நான்தானுங்க. மருந்து போடலீன்னா மறுக்காவும் பாவு போடுவேன்.”

மெம்பர் பதவி போயிற்று. வாய் மட்டும் போகவில்லை.

அந்த மனிதர் மீது எனக்கு அப்படி ஒரு பிரியம். இன்றைக்கும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் யாராவது பெரியவர் காரில் ஏறினால், என் கண் தானாகத் தெருமுனைக்குப் போகிறது, கஞ்சிச் சட்டியோடு அவர் அங்கே நிற்கமாட்டாரா என்று.