மேடையில் இட்ட கையெழுத்து

அகில உலகப் பல்கலைக்கழகங்களின் பார்வையெல்லாம் கடைசியில் வந்து நிலைப்பது போடிநாயக்கனூர் மலையடிவாரத்திலுள்ள தம் கல்லூரியின் மீதுதான் என்பதில் முதல்வர் ராம்பிரசாத்துக்கு ஐயமே இருந்ததில்லை.

இரண்டாமாண்டு தாவரவியல் படிக்கும் சிவரஞ்சனிக்கு இருந்த கவலை அவ்வளவு பெரியதல்ல. மாணவர் பரிமாற்றத்தில் ஆறு மாதம் வந்து படிக்கும்படி பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை அழைத்திருந்தது. விமானச் சீட்டு முதல் சாப்பாடு வரை அவர்கள் பொறுப்பு. முதல்வர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். அன்று புதன்.

முதல்வரிடம் பேனா இருந்தது. அதில் மையும் இருந்தது.

"கையெழுத்துத்தானம்மா? மேடையில போட்டுருவோம்."

"இங்கனயே போட்டாப் போதும் சார்."

"பின்லாந்து போற பிள்ளைக்கு, புரோட்டாக் கடை பில்லு மாதிரி மேசையிலயா போடுறது? சிறப்பு விருந்தினருக்கு ஞாயித்துக்கெழமைதான் தோது."

"அவுக ஞாயிறு வரைக்கும் காத்திருக்க மாட்டாக சார்."

"சிறப்பு விருந்தினரே நமக்காகக் காத்திருக்காரு. பின்லாந்து காத்திருக்காதா?"

அலுவலக எழுத்தர் சின்ராசுவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

"சொல்லலாம் ஆத்தா. பொன்னாடைக்கு ஆர்டர் குடுத்தாச்சே."

உடனடியாக 'சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு' அமைக்கப்பட்டது. நாற்காலி வாடகைக்கு எடுப்பது அதன் பணி. அதை அக்குழு செவ்வனே செய்து முடித்தபோது வெள்ளிக்கிழமை முடிந்திருந்தது.

ஞாயிறு காலை பின்லாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. படிவம் வராததால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். சிவரஞ்சனி கைபேசியோடு மேடையேறினாள். முதல்வர் பொறுமையாக வாசித்தார்.

"நல்ல இங்கிலீசு" என்றார். பிறகு, புகைப்படக்காரருக்குத் தோதாக மூன்று பக்கம் திரும்பி, மூன்று முறை கையெழுத்திட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

திங்களன்று வகுப்புக்கு வந்தவளை முதல்வர் வாசலிலேயே மறித்தார்.

"நீ எப்படிம்மா இங்க? நீதான் பின்லாந்துல இருக்கியே. பேப்பர்லயே வந்துருச்சு."

"சார், நான் போகவே இல்லையே."

"அது உனக்கும் எனக்கும்தான தெரியும். போடிமெட்டுல நம்ம எஸ்டேட்டு வீடு இருக்கு, மேனேஜர் குடும்பம் பாத்துக்கும். மாசம் ஒரு தடவை ஸ்வெட்டர் போட்டு போட்டோ அனுப்பு. பின்னாடி ஏலச்செடி படத்துல விழாமப் பாத்துக்க."

"மாட்டேன்னா?"

"மார்க்கு நாங்கதானம்மா போடணும்."

எஸ்டேட்டு வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறினாள். போடிமெட்டில் இறங்கியபோது எதிரே வந்த ஆள் தெரியாத மூடுபனி. அதற்குள்ளிருந்து மப்ளர் கட்டிய இளைஞன் ஒருவன் வந்து அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"நான் இனியவன். நம்ம காலேஜுதான். நீ எந்த நாடு, தங்கச்சி?"

"பின்லாந்து. நீங்க?"

"ஜெர்மனி. படிப்பு போன வருசமே முடிஞ்சுருச்சு. ஊரு திரும்புற வரவேற்பு விழாவுக்குத்தான் பிரின்சிபாலுக்கு இன்னும் சிறப்பு விருந்தினர் அமையல."