நயாகராவில் நனையாத மாப்பிள்ளை

பகலவன்-ஷாரோன் கல்யாணத்துக்குப் பதினாறாயிரம் பேர் வந்தார்கள். படப்பை மண்டபம் நிரம்பி, வாசல் நிரம்பி, கூட்டம் சாலையில் வழிந்து ஒரகடம் மேம்பாலம் வரைக்கும் நின்றது. அன்றைக்குத் தொழிற்சாலைகளில் ஆளே இல்லாததால், செய்து முடித்த கார்கள் தாமாகவே உருண்டு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மேளச் சத்தம் கேட்டு, மேலே போன விமானம் ஒன்று கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனது.

நீங்கள் நம்ப வேண்டாம். விசா ஆபீசே நம்பவில்லை.

"ஜோதிண்ணே, இன்னா வேல பண்ணி வச்சிருக்க பாரு!" என்று பகலவன் செல்போனை நீட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் ஓடி வந்தான்.

படப்பை ஜோதி டிஜிட்டல் ஸ்டுடியோவின் முதலாளி ஜோதி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். விசா ஆபீசிலிருந்து வந்த மின்னஞ்சல் அது. 'கனடாவுக்கு இதுவரை வந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கல்யாண ஆல்பத்தில் நீங்களும் உங்கள் மனைவியும் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்கிறீர்கள். விளக்கம் தரவும்.'

"அட, கண்டுபுடிச்சிட்டாங்களா? அப்ப அந்த அளவுக்குத் தத்ரூபமா கீதுன்னு அர்த்தம்!" ஜோதிக்கு முகமெல்லாம் பல்.

"அண்ணே, என் விசா போவப் போவுது!"

"அவ்ளோ தண்ணி கொட்டுது, உன் மேல ஒரு சொட்டு பட்டுதா பாத்தியா? அதாண்டா தொழில் சுத்தம்."

ஜோதி எடுத்த ஆல்பங்களில் ஜோடிகள் பனிமலையில் நிற்பார்கள், ரோஜாப் பூவுக்குள் உட்காருவார்கள், மாப்பிள்ளையின் உள்ளங்கையில் மணப்பெண் நடமாடுவாள். அவர்கள் படப்பையில் கல்யாணம் செய்துகொண்டதற்கு மட்டும் ஆதாரமே இருக்காது.

பகலவன் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தையலில் ஒரு நூல் பிசிறினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். ஷாரோன் நர்ஸ். கல்யாணமான கொஞ்ச நாளில் கனடாவில் வேலை கிடைத்துப் போனவள். அது முதல் இருவரும் குடும்பம் நடத்துவது செல்போனில்தான். அவள் சமைப்பதை இவன் பார்ப்பான், இவன் சாப்பிடுவதை அவள் பார்ப்பாள்.

"மொதல்ல ஒரு மாசம் வந்து இரு பகலு. இந்தக் குளிரு உனக்கு ஒத்துக்குதான்னு பாப்போம். அப்பறமா இங்கயே குடியேற அப்ளை பண்ணலாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இந்த விசிட் விசாவையே மறுத்துட்டாங்கன்னா, நாம அடுத்து எது போட்டாலும் 'ஏன் மறுத்தாங்க'ன்னு கேள்வி பின்னாடியே வரும். அப்பறம் நீ அங்க, நான் இங்கதான்."

கல்யாணப் பதிவுச் சான்றிதழை அனுப்பினால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். குவாலிட்டிக்காரன் கேட்பானா? ஒரு பக்கம் விடாமல் முழு ஆல்பத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டான். அதன் பலன்தான் இது.

"ஒரே வரி எழுது. 'இது ஸ்டுடியோக்காரன் ஒட்டின படம்'னு. முடிஞ்சுது" என்றார் ஜோதி.

அது நல்ல யோசனை. அதனாலேயே பகலவன் கேட்கவில்லை. அவன் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் வந்தால் ஒரு முறை உண்டு. 'ஏன்' என்று ஒரு கேள்வி கேட்டு, அதன் பதிலுக்கு மறுபடி 'ஏன்' என்று கேட்டு, இப்படி ஐந்து 'ஏன்' தோண்டி அடிவேரைப் பிடித்து எழுதி அனுப்ப வேண்டும். எத்தனையோ சீட்டுப் புகார்களை அப்படிச் சாய்த்தவன், விசா ஆபீசுக்கும் அதே பாணியில் எழுதினான்.

படத்தில் நயாகரா ஏன் வந்தது? ஸ்டுடியோ ஜோதி ஒட்டினார்.

ஏன் ஒட்டினார்? எங்களுக்குப் பின்னால் ஒருவர் பல் குத்திக்கொண்டு நின்றார்.

அவரை மட்டும் ஏன் அழிக்கவில்லை? ஜோதிக்கு அழிப்பதைவிட ஒட்டுவதே எளிதாகிவிட்டது.

ஏன் அப்படி ஆனது? குடும்பப் படத்தில் என் மாமியாரை ஒட்டியபோது கை பழகிவிட்டது.

மாமியாரை ஏன் ஒட்டினார்? அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. என் மனைவி அழுதாள்.

மூன்றாவதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். ஐந்தையும் தோண்டி, அடிவேரோடு தன்னையும் குழிக்குள் தள்ளிக்கொண்டான்.

விசா ஆபீசிலிருந்து பதில் பறந்து வந்தது. 'ஆல்பத்தில் மணப்பெண்ணின் தாயாரே போலி என்று அறிகிறோம். இது உண்மையான திருமணம்தானா என்று உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. நீங்களும் அந்தத் தாயாரும் வீடியோ நேர்காணலுக்கு வரவும்.'

செய்தி கேட்டு ஷாரோன் கனடாவில் தலையில் கைவைத்தது படப்பையில் கேட்டது.

"எங்கம்மாவா? போச்சு! பகலு, பெட்டிய கட்டாத."

ஷாரோனின் அம்மா லூர்தம்மாள், இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பையன்களுக்கு ரூம் வாடகைக்கு விடுபவர். கண்ணால் காணாததை ஒப்புக்கொள்ளாத மனுஷி. மகளோடு தினமும் போனில் பேசுவார். கல்யாணம் என்ற சொல் வந்தால் மட்டும் சிக்னல் போய்விடும். பதினாறாயிரம் பேர் பார்த்த கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "கல்யாணம்னு ஒண்ணு நடந்துச்சுன்னு சொல்லிக்கிறாங்க. யாரு கண்டா?"

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரங்களில் பகலவனுக்கு ஓயாமல் ஓவர்டைம். எல்லோருக்கும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பியவன், மாமியாருக்கும் அப்படியே தட்டிவிட்டான். பெண்ணைப் பெற்றவளை நேரில் வந்து, வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்கவில்லை. கீழே இரண்டு கைகூப்பும் பொம்மை வேறு.

"அங்கதான் தப்பு. அப்ப செய்யாதத இப்ப செய்" என்றார் ஜோதி.

"இப்பவா?"

"தட்டு வச்சு கூப்புட்டா எந்த மாமியாரும் எறங்கி வந்துருவாங்க. போடா."

ஞாயிற்றுக்கிழமை காலை, வெற்றிலை, பாக்கு, பூ, பழம், அதன் மேல் மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகை சகிதமாகப் பகலவன் இருங்காட்டுக்கோட்டையில் போய் நின்றான்.

"அத்தே..."

"யாருக்கு யாரு அத்த? ரூம் வோணும்னா ஆதார் ஜெராக்ஸ் குடு."

"நான் பகலவன் அத்தே."

"தெரியுது. அதுக்குத்தான் கேக்கறேன்."

பகலவன் தட்டை இரண்டு கையாலும் நீட்டினான். "எனக்கும் ஷாரோனுக்கும் கல்யாணம் அத்தே. நீங்க அவசியம் வந்து நடத்திக் குடுக்கணும்."

லூர்தம்மாள் பத்திரிகையைக் கைநீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். "தேதி போயி ரெண்டு வருசம் ஆவுதே?"

"பரவால்ல அத்தே. மெதுவா வந்தா போதும்."

லூர்தம்மாளின் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பா கோபமா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. பழத்தை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாரி கீது. பழம் பாத்து வாங்கத் தெரில, இதுல நீ குவாலிட்டி இன்ஸ்பெட்டரா? அந்த சீட்டுல உக்காந்து போறவன் கதி இன்னாவறது?"

பகலவன் நேர்காணல் விஷயத்தைச் சொன்னான். லூர்தம்மாள் யோசித்தார்.

"கவர்மெண்டு ஆபீசரு கூப்புட்டா வராம இருக்க முடியாது. வர்றேன். ஆனா ஒண்ணு. நான் பொய் சொல்ல மாட்டேன். சொன்னா, சாமியார்கிட்ட போய் அந்தப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டியவ நானு. உள்ளதத்தான் சொல்லுவேன்."

உள்ளதைச் சொன்னால் பகலவன் கனடா போக முடியாது, ஷாரோன்தான் ஊருக்குத் திரும்பி வர வேண்டும்.

நேர்காணல் நாளில் அவன் அறையில் நெட் படுத்துவிட்டது. கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. "நம்ம ஸ்டுடியோவுல நெட்டு அருவி மாரி கொட்டும், வாங்க" என்று ஜோதி அழைத்தார். வந்து சேர்ந்த லூர்தம்மாளோடு மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தோன்றினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர்.

"வணக்கம். நீங்கள் இப்ப எங்க இருக்கிறியள்?"

"படப்பை சார்."

அந்த அம்மாள் ஏதோ சொன்னார். "உங்களுக்குப் பின்னால பனிமலை தெரியுதே எண்டு மேடம் கேக்கிறா."

பகலவன் திரும்பிப் பார்த்தான். ஜோதி முந்தின நாள் மாட்டிய திரைச்சீலை. சுவிட்சர்லாந்தே பின்னால் நின்றது.

"ஐயோ, அது துணி மேடம்!" என்று பாய்ந்து ஒரு இழு இழுத்தான். சுவிட்சர்லாந்து சுருண்டது. அதன் பின்னால் பாரிஸ் கோபுரம்.

"இப்ப பாரிசிலயோ நிக்கிறியள்?"

இன்னொரு இழு. பாரிஸ் விழுந்தது, கடற்கரையும் கப்பலும் வந்தன. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது இழுப்பில் கம்பியோடு சேர்ந்து எல்லா தேசங்களும் ஜோதியின் தலையில் விழுந்தன. பின்னால் காரை பெயர்ந்த சுவர், அதில் ஒரு பல்லி, 'ஜோதி டிஜிட்டல், படப்பை' என்று எழுதிய பழைய போர்டு.

"படப்பைதான்" என்று மொழிபெயர்ப்பாளர் தானாகவே சொல்லிக்கொண்டார்.

"இவரு பேசறது பூசையில வாசிக்கிற மாரி கீது. நல்லா கீது" என்றார் லூர்தம்மாள்.

"தம்பி, மேடம் கேக்கிறா, அந்தக் கலியாணத்தில நடந்து, ஆல்பத்தில இல்லாத ஒரு விசயம் சொல்லுங்கோ எண்டு. உங்கட மனிசி ஷாரோனிட்டயும் இதையே கேட்டு எழுதி வச்சிருக்கினம்."

பகலவன் மூளையைக் கசக்கினான். ஆல்பத்தில் இல்லாதது என்ன இருக்கிறது? நடக்காததே நிறைய இருக்கிறதே! திடீரென்று ஒன்று தோன்றியது. "பொடவ சார்! ஆல்பத்துல நீலமா இருக்கும். நெஜமா அவ கட்டனது சேப்பு!"

"நயாகராவுக்கு மேட்ச்சா இருக்கட்டும்னு நான்தான் நீலமாக்கனேன்" என்று சுவிட்சர்லாந்துக்கு அடியிலிருந்து ஜோதியின் குரல் வந்தது.

மொழிபெயர்ப்பாளர் இழுத்தார். "சிவப்போ? உங்கட மனிசி வேற நிறமெல்லோ சொன்னவ."

அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். குறித்த வேகத்தைப் பார்த்தால் நல்லதாகத் தெரியவில்லை.

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட மகளின்ர கலியாணத்துக்குப் போனனீங்களோ?"

"நேர்ல வந்து கூப்புடாத கல்யாணத்துக்கு எவ போவா?" என்றார் லூர்தம்மாள்.

"அப்ப அந்தக் கலியாணம் நடந்ததோ இல்லையோ எண்டு உங்களுக்குத் தெரியாது. அப்பிடித்தானே?"

பகலவன் கண்களை மூடிக்கொண்டான். கனடா பனியோடும் ஷாரோனோடும் தூரத்தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

லூர்தம்மாளின் காது அங்கே இல்லை. அவருக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்தார், விட்டார். நாற்காலியில் இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். கடைசியில் தாங்க முடியாமல் மருமகன் பக்கம் திரும்பினார்.

"சேப்பாம் சேப்பு! கட்ன பொண்டாட்டி பொடவ கலரு தெரில, மூஞ்சப் பாரு! அரக்கு சார், அரக்கு! மாம்பழ கலர்ல பார்டரு. மால மாத்தும்போது சந்தனக் கிண்ணம் சாஞ்சு முந்தானையில கொட்டிச்சு. இவன் தொடைக்கறேன்னு துண்டால தேச்சு, எட்டணா சைசுல இருந்தத மொறம் சைசுக்கு ஆக்கி வச்சான்!"

"அத அழிக்க நான் பட்ட பாடு..." என்று ஜோதி முனகினார்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். அரக்கு. மாம்பழ பார்டர். சந்தனம். துண்டு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் சிரித்தேவிட்டார்.

"உங்கட மகளும் இதையேதான் சொன்னவ, அம்மா. மேடத்துக்குத் திருப்தி. தம்பி, உங்களுக்கு விசா வரும்."

பகலவன் எழுந்து ஜோதியைக் கட்டிப்பிடித்தான். நடுவில் பாரிஸ் கசங்கியது.

"நில்லுங்கோ" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இது விசாவுக்கு இல்லை, மேடம் சும்மா அறிய ஆசைப்படுறா. போகாத கலியாணத்தில சந்தனம் கொட்டினது உங்களுக்கு எப்பிடித் தெரியும், அம்மா?"

ஸ்டுடியோவில் பல்லி கூட நகரவில்லை. பகலவன் வாயைத் திறந்தபடி மாமியாரைப் பார்த்தான். ஜோதி துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். லூர்தம்மாள் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பொய் சொல்ல வழியிருக்கிறதா என்று மாதாவைக் கேட்டுப் பார்த்தார். வழியில்லை.

"நடந்துச்சு சார், கல்யாணம் நடந்துச்சு! முக்காடு போட்டுகினு மூணாம் பந்தியில நானே உக்காந்து துன்னேன். வட வச்சவன் என் எலைய மட்டும் தாண்டிப் போயிட்டான், அதையும் அந்தம்மாவ எழுதிக்கச் சொல்லு!"