சுவர் விட்ட மூச்சு

சுவர் மூச்சு விடுகிறது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், ஊரே மூச்சிரைக்க ஓடிவந்தது.

ஒட்டி நிற்கும் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள். நடுவே, மேலிருந்து கீழ்வரை, இரண்டு விரல் நுழையும் இடைவெளி. வெயிலில் கட்டடம் விரிந்துகொடுக்க விட்ட சந்து அது. இத்தனை காலமாக அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அதன் முன்னால் தெருமுனை வரைக்கும் வரிசை. வேலைக்கு நேரத்தோடு போகாதவர்களெல்லாம் வரிசைக்கு நேரத்தோடு வந்தார்கள்.

பொழுது சாயும்போது உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும். ஈரக் கம்பளி போல ஒரு நெடி இறங்கும். பிறகு சின்னச் சின்னக் கறுப்பு மணிகள் பொலபொலவென்று உதிரும். அவற்றை வெள்ளைத் துணியில் ஏந்துபவர்தான் சுவர்ஞானி. முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றவர். அதில் தண்ணீர் வடிந்தது, காசு வடியவில்லை. தொழிலை மாற்றினார். இப்போது ஞானம் வடிந்தது.

சத்தம், சுவரின் பேச்சாம். நெடி, மூலிகை வாசமாம். மணிகள், சுவரின் மூச்சு உறைந்த மருந்தாம். மணிக்குள் மினுமினுப்பது தங்கப் பொடியாம். மூச்சுக் கோளாறு எதுவானாலும் ஓடிப்போகுமாம். விலை கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். மருந்துக்கு விலை கிடையாது, பொட்டலத்துக்குத்தான் விலை.

கட்டடத்தின் அடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர் முதல் நாளே பொட்டலம் வாங்கிவிட்டார். பெண்டாட்டிக்கு இழுப்பு. அவள் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் அவருக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கத் தெம்பு இருக்காது. பாசமுள்ள மனுஷன். ஏமாற்றுகிறவனுக்குப் பாசமுள்ளவனைப் போல வசதியான ஆள் உண்டா?

சுவர்ஞானி ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். வேறு மருந்து கூடவே கூடாது, ஒரு வேலைக்கு இரண்டு மேஸ்திரி போட்டால் சுவர் கோணலாகிவிடும் என்றார். இஸ்திரிக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. பெண்டாட்டியின் இன்ஹேலரை எடுத்து வண்டியில் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தார். அவள் கேட்டபோது தெரியாது என்றார்.

அந்த வாரம் அவள் படுத்துத் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே பொழுதை விடியவைத்தாள். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்றார் சுவர்ஞானி. இஸ்திரிக்காரர் தலையாட்டினார்.

ஒரு காலையில் அவள் பல்லில் ஏதோ சிக்கியது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏங்க, உங்க தங்கத்துக்கு ரெக்கை இருக்கு."

"என்னடி உளர்ற?"

"பாருங்க. இது பூச்சி ரெக்கை. இது காலு."

சந்தேகப்பட்டால் பலிக்காது என்று அவர் முணுமுணுத்தார். அவளுக்குச் சண்டை போட மூச்சில்லை. இருந்த மூச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு, சாயங்காலம் வரிசையில் போய் நின்றாள்.

சுவர்ஞானி இருமிக்கொண்டிருந்தார். நாள்கணக்கில் அந்தத் தூசிக்கு அடியில் நின்றால் ஞானிக்கும் இருமல் வரும்தானே.

அவள் கை கூப்பவில்லை. விட்டுவிட்டுத்தான் பேச முடிந்தது. "ஐயாவுக்கு... இப்படி இருமுதே. நீங்களும் ஒரு வாய்... போட்டுக்கக் கூடாதா?"

கூட்டத்துக்கு அது கேலியாகவே படவில்லை. அட, நமக்குத் தோணலையே என்று உருகிப்போனார்கள். சுவர்ஞானி தனக்கு விரதம் என்றார். மருந்து விரதத்தில் சேராது என்று நேற்று அவரேதான் சொல்லியிருந்தார், அதை ஒருவர் ஞாபகப்படுத்தினார். கொடுக்கிற கை வாங்கக் கூடாது என்றார் ஞானி. கையால் வாங்க வேண்டாம், நாங்களே ஊட்டுகிறோம் என்றார்கள். மறுப்பு சொல்ல வாய் திறந்தவர் இருமலில் மாட்டிக்கொண்டார். திறந்த வாய் மூடவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு பரம விசுவாசி, கண்ணில் நீர் மல்க, ஒரு கரண்டி மணியை உள்ளே தள்ளினார்.

"தூ! தூ! வௌவால் புழுக்கைடா அது, பாவிங்களா!"

எல்லோருடைய நாக்கும் அவரவர் வாய்க்குள் எதையோ தேடியது. சரியாக அந்த நேரம் பார்த்து இடைவெளியிலிருந்து வௌவால்கள் ஒவ்வொன்றாய் நழுவிப் பறந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் எலி வால் போல ஒரு வால் தொங்கியது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். கீழே பார்த்தபோது வெள்ளைத் துணி இருந்தது, ஞானி இல்லை.

இஸ்திரிக்காரர் அவர் பின்னால் ஓடவில்லை. வண்டிக்கு ஓடினார். மூட்டையைக் கவிழ்த்து, தேய்த்த துணியெல்லாம் மண்ணில் விழ, இன்ஹேலரை எடுத்துவந்து பெண்டாட்டியின் கையில் வைத்தார். அவள் இரண்டு முறை இழுத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து, மண்ணில் விழுந்த துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள், நேற்றுக் கும்பிட்டவர்களே துடைப்பக்கட்டையோடு வௌவாலை அடிக்க வந்தார்கள். அவர்களைத் தடுத்தது வௌவால்களை ஆராய்கிற ஒரு பெண். தொடாதீர்கள், இது காண்பதற்கரிய இனம் என்றார். மற்ற வௌவால்களுக்கு வால் பெரும்பாலும் இறக்கைத் தோலுக்குள் அடங்கியிருக்கும், இதற்குத் தனியே தொங்கும், அது பாட்டுக்குப் பூச்சியைத் தின்று பிழைக்கிறது என்று விளக்கினார்.

பரம விசுவாசி பயபக்தியோடு கேட்டார்: "அம்மா, அவ்வளவு அபூர்வமான வௌவால்னா, அதோட புழுக்கைக்கு வீரியம் ஜாஸ்தியா இருக்குமே?"

வரிசை மெல்லச் சேர ஆரம்பித்தது.

வால் தனியே தொங்குகிற பிராணி உலகத்தில் அபூர்வமாக இருக்கலாம். மூளை தனியே தொங்குகிற பிராணிக்குப் பஞ்சமே இல்லை. அதை எடுத்துத் தலைக்குள் மாட்டிக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டாம், பொட்டலமும் வாங்க வேண்டாம். ஆனால் அவரவர்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.