அசரியா சார் கேபிளைத் துறந்த வரலாறு

நெருப்பு, சக்கரம், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் அடுத்தபடியாக மனித குலத்தைப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சி சென்ற மாதம் மாடம்பாக்கத்தில் நடந்தது. அசரியா சார் வீட்டில் கேபிள் துண்டிக்கப்பட்டது. பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்ளாதது அவற்றின் தரத்தைக் காட்டுகிறது.

அசரியா சார் அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்து மூலமாகச் செய்பவர். ஆகவே கேபிள்காரர் ஆபேலிடம், 'மேற்படி இணைப்பு காலாவதியான தொழில்நுட்பம் என்பதாலும், இவ்வில்லம் இணையவழித் தொலைக்காட்சிக்குத் தரம் உயர்த்தப்படுவதாலும்' என்று தொடங்கும் கடிதம் ஒன்றை நீட்டினார். நகலில் கையெழுத்தும் கேட்டார்.

"ஒரு போன் அடிச்சிருந்தா வந்து வயரைக் கழட்டியிருப்பேனே சார்," என்றார் ஆபேல்.

"அது நடைமுறை ஆகாது."

இந்தத் 'தர உயர்வு' மகள் ஜெரூஷாவின் ஏற்பாடு. சோழிங்கநல்லூரில் ஐ.டி.யில் இருப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பாதிச் சுவரை அடைக்கும் டிவியை மாட்டி, ஃபைபர் இழுத்துக் கொடுத்தாள். "இனிமே அவங்க போடுறதை நீங்க பார்க்க வேணாம்பா. நீங்க நினைக்கிறதை அது போடும்," என்றாள். முப்பத்தாறு வருஷம் மேலதிகாரிகள் நினைத்ததையே செய்து வந்தவருக்கு இது எப்பேர்ப்பட்ட வாக்கியம்! போனிலிருந்தும் படம் அனுப்பலாமாம். நடுவில் கால் வந்து படம் நின்றுவிடக் கூடாதே என்று, தெரியாத நம்பர் எதுவும் ஒலிக்காதபடி போனையும் 'பக்குவப்படுத்தி' விட்டுப் போனாள்.

மனைவி ரத்தினபாய்க்கு மட்டும் அந்தப் பக்குவம் வரவில்லை. "பட்டனை அமுக்கினா ஏதாவது ஓடணும். இது என்ன, 'பார்ப்பது யார்'னு என்னையே கேக்குது?"

"அது மரியாதை. இந்த வீட்ல இதுவரைக்கும் யாராவது உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கோமா?" என்றார் அசரியா சார், பெருமையாக.

அவருக்குத் தினமும் காலையில் ஏரிக்கரையில் நடக்கிற பழக்கம் ஒன்று இருந்தது. கூட நடப்பவர் துளசிங்கம், அதே அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர். இருபது வருஷம் ஜீப்பில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தவர்கள், ஓய்வு பெற்ற பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். புதிய டிவி இந்தக் கற்காலப் பழக்கத்துக்கும் முடிவு கட்டியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பனிமலை ஏரி ஓரமாக நடப்பாள். நாம் ஹாலில் நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டியது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். சேறு இல்லை, நாய் இல்லை, "மெதுவா சார், மூச்சு வாங்குது" என்று இழுக்கும் துளசிங்கமும் இல்லை.

பத்தாம் நாள் துளசிங்கமே வாசலுக்கு வந்துவிட்டார்.

"இன்னா சார், ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நடந்துகிட்டுத்தான் இருக்கேன் துளசிங்கம். சுவிட்சர்லாந்துல."

துளசிங்கம் எட்டிப் பார்த்தார். "தண்ணி சுத்தமா கீது சார். ஆனா பேச்சுத் தொணைக்கு ஆள் இல்லியே?"

"ஏன், அவங்க பேசுறாங்களே. 'பிரமாதமா நடக்கிறீங்க'ன்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்றாங்க."

"அவ்ளோதானா? என்னாண்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே சார்," என்று சிரித்த துளசிங்கம், கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தனியாக ஏரிப் பக்கம் போனார். அவர் ஏன் நின்றார் என்று கேட்க அசரியா சாருக்குத் தோன்றியதுதான். ஆனால் அந்தச் சமயம் பார்த்து அந்தப் பெண் மலை ஏற ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் மெயின் ரோட்டில் மேளமும் வெடியும் கேட்டன.

"யாரோ போயிட்டாங்க போலிருக்கு," என்றாள் ரத்தினபாய்.

"ஜன்னலைச் சாத்து. ஆல்ப்ஸ்ல குருவி கத்துறது கேக்க மாட்டேங்குது."

வியாழக்கிழமை காலை, மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் ஃபைபரையும் சேர்த்துத் தோண்டிவிட்டது. டிவியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் அரை மணி நேரம் அக்கறையாகப் பார்த்த அசரியா சார், வேறு வழியில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். துளசிங்கம் இல்லை. இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கலாமா என்று கண்டிப்பதற்காகவே நாலு சந்து தள்ளி இருந்த அவர் வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் சாமியானா கட்டிய கம்பு இன்னும் நின்றது. உள்ளே துளசிங்கத்தின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அவர் மனைவி காமு எழுந்து வந்தாள்.

"திங்கக்கெழம காலைல சார். ஏரிக்கரையிலயே நெஞ்சைப் புடிச்சிகினு குந்திட்டாராம். கூட யாரும் இல்ல. பால்காரரு பாத்து ஆட்டோல போட்டுகினு போறதுக்குள்ள..." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சாயங்காலமே எடுத்துட்டோம்."

அசரியா சார் மாலை போட்ட படத்தை இன்னொரு தரம் பார்த்தார். ஆனாலும் வெளியே வந்தது பழைய அலுவலகக் குரல்தான்: "எனக்குத் தகவலே வரலியேம்மா!"

"பசங்க அவங்க போன்லேர்ந்து எத்தினியோ தபா அடிச்சாங்க சார், நீங்க எடுக்கல. அப்பால மச்சினன் உங்க வூட்டாண்ட வந்து கேட்ல நின்னு கத்தினாரு. உள்ள டிவி சத்தம், காதுல வுழலன்னு திரும்பிட்டாரு. சரி, ஆபேலு கேபிள்ல லோக்கல் சேனல்ல சாவு சேதின்னு போட்டோ போட்டு காலைலேர்ந்து ஓட்டிகினே கீறாரே, சார் எப்படியும் பாத்துட்டு வந்துடுவாருன்னு இருந்துட்டோம். அத்தப் பாத்துட்டு பம்மல்லேர்ந்துகூட வந்தாங்க."

"நம்ம வீட்ல இப்ப கேபிள் இல்லம்மா," என்றார் அசரியா சார் மெல்ல. "அதைவிடப் பெரிசு. எது வேணும்னாலும் பார்க்கலாம். உலகத்துல எங்க நடக்கிறதை வேணும்னாலும்..."



காமுவுக்குக் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப இன்னா சார் பாத்துகினு இருந்தீங்க?"