வாயில் ரோல்ஸோடு இருப்பவரிடம் முறைப்பாடு சொல்வது எப்படி?

முறைப்பாடு சொல்வதில் எங்கள் ஆட்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. லண்டன் டூட்டிங் கடையில் முருங்கைக்காய் முற்றியிருந்தால், நாங்கள் பஸ் ஏறி, மிச்சம் என்ற எங்கள் பகுதிக்கு வந்து சேருவதற்குள் அந்தச் செய்தி அங்கே வந்து சேர்ந்திருக்கும். கோயில் பொங்கலில் சர்க்கரை குறைந்தால் அடுத்த திருவிழா வரைக்கும் கதைப்போம். ஆனால் ஒரேயொரு ஆளிடம் மட்டும் வாய் திறக்க மாட்டோம். சம்பந்தப்பட்ட ஆளிடம். கடைக்காரர், "எப்பிடி அக்கா, காய் நல்லமோ?" என்று கேட்டால், "ஓம் தம்பி, நல்ல காய்" என்போம்.

இந்தக் குணத்தை மிச்சத்தில் ஒரு மண்டபத்தில், மூன்று சமூகங்களின் முன்னிலையில், நானே எழுந்து நின்று அரங்கேற்றினேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஆனாலும் அடிக்கடி நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாளுக்குள் குளோரியா அக்கா இருக்கிறார். இப்போது அவர் லண்டனில் இல்லை.

குளோரியா அக்கா ஜமெய்க்காக்காரர். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கரீபியன் முதியோர் மன்றத்தின் தலைவி. என்னைவிட மூத்தவர் என்பதால் முதல் சந்திப்பிலேயே பழக்கதோஷத்தில் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். (அது அவருக்குப் பிடித்துப்போய், தன் மன்றத்தில் எல்லோரையும் அப்படியே கூப்பிட வைத்துவிட்டார்.) அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதுக்குள் மட்டும் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் கோபிக்க மாட்டார்.

எங்கள் தமிழ்ப் பெண்கள் சங்கம், குளோரியா அக்காவின் மன்றம், ஹோடன் என்ற பெண் நடத்திய சோமாலியத் தாய்மார் குழு, மூன்றும் ஒரே மண்டபத்தை வேறு வேறு கிழமைகளில் வாடகைக்கு எடுத்தவை. சாவி கைமாறும்போது வாசலில் நின்று கதைத்துத்தான் எங்கள் மூன்று பகுதிக்கும் ஒரே மருத்துவ நிலையம்தான் தலையிடி என்று கண்டுபிடித்தோம். அங்கே மொழிபெயர்ப்பாளர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். எங்களுக்கும் சோமாலியப் பெண்களுக்கும் நோயைச் சொல்ல மொழி இல்லை. கரீபியன் முதியவர்களுக்கு மொழி இருந்தது. நோகிறது என்று அவர்கள் சொன்னால் நம்பத்தான் ஆள் இல்லை. தனித்தனியே போனால் தனித்தனியே திருப்பி அனுப்புவார்கள், சேர்ந்து கேட்போம் என்றார் குளோரியா அக்கா. அப்படித்தான் எங்கள் கூட்டணி பிறந்தது.

எங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அவசரமாகத் தேவைப்பட்டவர் புஷ்பமக்கா. தனியே இருக்கும் மனுசி. நெஞ்சு இறுக்குகிறது என்று போய், கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டி, வயிற்றுப் பொருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்தவர். வரவேற்பு மேசையில் இருந்தவர், தமிழ் பேசுகிறவருக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திக் கத்திப் பேசினாராம். "என்ரை நெஞ்சுக்குள்ளை என்ன செய்யுதெண்டு என்ரை வாயாலை ஒருக்காச் சொல்லவேணும் பிள்ளை," என்பார். அவர் கேட்டது அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளராக இருக்கும் எனக்கு, நினைத்த நேரம் லீவு போட்டு அவரோடு போகவும் முடியவில்லை.

குறை கேட்கச் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் மண்டபத்துக்கே வருகிறார் என்றதும் ஒத்திகை பார்த்தோம். குளோரியா அக்காதான் அதிகாரி. நாடியை உயர்த்திக்கொண்டு, "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். புஷ்பமக்கா எழும்பி நின்று பொரிந்து தள்ளியதை மொழிபெயர்க்க எனக்கு மூச்சு வாங்கியது. ஹோடன் கை தட்டினாள். நான் உச்சி குளிர்ந்துபோய், "அக்கா, எங்கடை ஆக்களை நம்புங்கோ. கிழிச்சுத் தொங்கவிடுவினம்," என்று வாக்குக் கொடுத்தேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

அன்றைக்கு நல்ல மழை. கோட்டும் சூட்டுமாக ஒரு தடித்த ஆளை எதிர்பார்த்திருந்தோம். வந்தவன் ஒரு மெலிந்த பொடியன். குடை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, மூக்கு சிவந்திருந்தது. அவனைக் கண்ட அந்தக் கணமே எங்கள் கட்சி தோற்றுவிட்டது.

"ஐயோ பாவம், பிள்ளை நனைஞ்சுபோச்சு," என்று புஷ்பமக்கா துவாயை எடுத்துக் கொடுத்தார். ஒருவர் இஞ்சித் தேநீர் ஊற்றினார். இன்னொருவர் மட்டன் ரோல்ஸும் கேசரியும் வைத்தார். சாப்பிட்டாயா, கல்யாணம் கட்டிவிட்டாயா, அம்மா எங்கே என்று விசாரணை நடந்தது. எல்லாவற்றையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அம்மா தூர ஊரில் தனியே இருக்கிறார் என்று அவன் சொன்னதும் எங்கள் பெண்கள் உருகிப்போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அவன், வாயில் ரோல்ஸோடு, மிகவும் மரியாதையாகக் கேட்டான். "மருத்துவ நிலையத்தின் சேவை உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

நான் புஷ்பமக்காவைப் பார்த்தேன். புஷ்பமக்கா அவனைப் பார்த்தார்.

"நல்லம்," என்றார்.

"அக்கா, என்ன சொல்லுறியள்? உங்கடை நெஞ்சு நோ? அந்தக் கத்தல்?" என்று அவர் காதுக்குள் குசுகுசுத்தேன்.

"உனக்கென்ன விசரே? எங்கடை இடத்துக்கு வந்த பிள்ளை. வாயிலை ரோல்ஸோடை இருக்கிறவனிட்டை எப்பிடிக் குறை சொல்லுறது? நல்லமெண்டு சொல்லு."

சரி, சங்கத்தின் செயலாளர் என்று நான் ஒருத்தி இருக்கிறேனே. உரையை மனப்பாடம் செய்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று கோபப்படக்கூடப் பழகியிருந்தேன். எழுந்து தொண்டையைச் செருமினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். உதட்டோரத்தில் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்தது. "வெரி நைஸ். நோ கம்ப்ளெயின்ட்ஸ். மோர் டீ?" என்றது ஒரு குரல். அது என்னுடைய குரல் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

அடுத்ததாக ஹோடன் பேசினாள். அவள் எங்களைப்போல் இல்லை, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். பிள்ளை பெற்ற உடம்போடு காய்ச்சலில் போன ஒரு பெண்ணை, மொழி தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிய கதை. அவன் கவனமாகத்தான் கேட்டான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஆனால் தமிழ்ப் பெண்கள் திருப்தியாக இருக்கிறார்களே. அப்படியென்றால் பிரச்சினை சேவையில் இல்லாமல், அதை அணுகும் விதத்தில் இருக்கலாம், இல்லையா?" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஹோடன் தலையைக் குனிந்துகொண்டாள். நிலம் பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது. (விழுங்கவில்லை. தூரத்தில் டிராம் போகும் சத்தம்தான் கேட்டது.)

அவன் போகும்போது ரோல்ஸையும் கேசரியையும் வெள்ளித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தோம். கூட்டணியின் கோரிக்கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு பஸ் தரிப்பில் குளோரியா அக்காவும் நானும் நின்றோம். பஸ் வந்தது. பஸ்ஸைத் தவறவிடுவதைப் பாவமாக நினைக்கும் மனுசி, அன்றைக்கு அதைப் போக விட்டார்.

"வாசு," என்றார், "அவன்ரை மனம் நோகக்கூடாதெண்டு நினைச்சாய். அது எனக்கு விளங்குது. ஆனா உனக்குப் பக்கத்திலை இருந்தவள் ஹோடனெல்லே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தன் சால்வையின் நுனியை மழைக்கு என் தலைக்கு மேல் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ரோல்ஸ் எண்டா திறம்தான். நானும் ஒரு பிடி பிடிச்சனான். அதுதான் எனக்கும் அவனைப் பேச வாய் வரேல்லை," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்று கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! வேலை முடிந்து இப்போதும் அதே தரிப்பில்தான் நிற்கிறேன். மழை வந்தால் என்னை அறியாமலே சற்று ஒதுங்கி, இன்னொருவருக்கு இடம் விட்டு நிற்கிறேன்.

ஹோடன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வெறுங்கையோடு போனேன், பலகாரம் கொண்டுபோகத் துணிவு வரவில்லை. "அடுத்த முறை அவனுக்கு ஊட்டாமல், நீ வாயைத் திற," என்றாள்.

குளோரியா அக்கா விடாப்பிடியாக நின்று இன்னொரு கூட்டம் வாங்கினார். இம்முறை அவர்களுடைய அலுவலகத்தில். "ஒருத்தரும் ஒண்டும் கொண்டுவரக்கூடாது. ஒரு வடையைக் கண்டாலும் நான் எழும்பி வீட்டை போயிடுவன்," என்று எச்சரித்திருந்தார். கண்ணாடிச் சுவர் போட்ட குளிர்ந்த அறை. மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர்கூட இல்லை. மேலதிகாரி ஒரு பெண். கோப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தவர், எங்களைக் கண்டதும் திடுக்கிட்டு அதை மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.

"கண்டியே? நாங்கள் கேட்டுப்போடுவமெண்டு ஒளிக்கிறா," என்றார் புஷ்பமக்கா. அவர் மூக்கு விடைத்தது. "வந்த ஆக்களுக்கு ஒரு வாய் தண்ணி வேணுமோ எண்டு ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தா வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன். ஆனா கேக்கவேணுமெல்லே!"

தண்ணீரில் தொடங்கியவர், அங்கிருந்து வரவேற்பு மேசைக்குப் போய், வயிற்றுப் பொருமல் மருந்தைத் தொட்டு, நெஞ்சில் வந்து நின்றார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். முடிந்ததும், "போன முறை நான் சொன்னது உண்மை இல்லை. ஹோடன் சொன்னதுதான் எங்கள் கதையும்," என்றேன். ஹோடன் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள்.

கொஞ்சக் காலம் இழுத்தடித்த பிறகு மொழிபெயர்ப்பாளர் திரும்ப வந்தார். எல்லா நாளும் இல்லை, ஆனாலும் வந்தார். புஷ்பமக்கா தன் நெஞ்சைப் பற்றித் தன் வாயாலேயே டொக்டரிடம் விபரமாகச் சொல்லிச் சரியான மருந்தும் வாங்கினார். (கேட்டு முடிப்பதற்குள் மொழிபெயர்த்தவர் களைத்துவிட்டாராம்.) கரீபியன் முதியவர்களின் நோவை நம்ப வைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. கூட்டணி இப்போதும் கூடுகிறது. என் பக்கத்துக் கதிரையில் இப்போது நல்ல பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் அவள் குளோரியா அக்கா இல்லை.

ஜமெய்க்காவில் தங்கை தனித்துப்போனதால் அவர் ஊரோடு போக முடிவெடுத்தார். ஹீத்ரோவுக்கு வழியனுப்பப் போனேன். உள்ளே போகிற நேரத்தில் என் காதருகே குனிந்தார்.

"வாசு, அண்டைக்கு அங்கை ஏன் தண்ணி வைக்கேல்லை தெரியுமோ? நான்தான் போன் பண்ணிச் சொன்னனான். தமிழ் ஆக்களுக்கு விரதம், அவையளுக்கு முன்னாலை தண்ணி, கோப்பி ஒண்டும் வைச்சுப்போடாதேங்கோ, மனம் நொந்துபோவினம் எண்டு."

பாவம் அந்த மேலதிகாரி. எங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் கோப்பியை ஒளித்திருக்கிறார்! இதைச் சொல்லிவிட்டு அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே நடந்தார். "போகாதேங்கோ" என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. "நல்லபடியாப் போட்டு வாங்கோ" என்றுதான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இப்போதும் தோசை கருகினால் என் மகள் தட்டைத் தூக்கிப் பிடித்து, "வெரி நைஸ், நோ கம்ப்ளெயின்ட்ஸ், மோர் டீ?" என்பாள். கணவரும் சேர்ந்து சிரிப்பார். விருந்தாளிகளுக்கும் கதை சொல்லப்படும். நானும் சிரிப்பேன், பிறகு போனைத் தேடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அக்காவுக்கு எடுத்தேன். அங்கே சேவல் கூவும் சத்தம் கேட்டது.

"எப்பிடி இருக்கிறாய் வாசு?"

"நல்லம் அக்கா."

"வாயிலை ரோல்ஸ் ஏதும் வைச்சிருக்கிறியோ?" என்றார்.

சிரிக்கப் போனேன், சிரிப்பு வரவில்லை. "அக்கா, எனக்கொரு முறைப்பாடு இருக்கு," என்றேன்.

"சொல்லு."

"நீங்கள் இஞ்சை இல்லை."

அவர் தொண்டையைச் செருமினார். ஒத்திகையில் நாடியை உயர்த்திக்கொண்டு பேசிய அதே அதிகாரிக் குரலில், "உங்கடை முறைப்பாடு கிடைச்சுது, மேடம்," என்றார். "இதே முறைப்பாடு இஞ்சையும் ஒண்டு கிடக்கு."