சுடர்ச் சித்தரின் ஏர்கான்

பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடிப்படி முழுக்க முதலாளிகள். பளபளக்கும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நின்றார்கள். சும்மாவா? மேலே இருப்பவர் சுடர்ச் சித்தர்! கல்யாணம், குழந்தைப்பேறு எல்லாம் பார்க்க மாட்டார். கம்பெனி மட்டும்தான். வெற்றிலைமேல் அகல்விளக்கு எரியும். சுடர் வலப்பக்கம் சாய்ந்தால் தொழிலை விரிக்கலாம், இடப்பக்கம் சாய்ந்தால் சுருக்கலாம். எம்.பி.ஏ. படித்த மூளைகளுக்கு இதைவிடச் சுலபமான பாடம் எங்கே கிடைக்கும்?

அந்த வரிசையில் முதலாளி ஸ்ரீராமோடு தாரணியும் நின்றாள். ஃப்ரோசன் பரோட்டா கம்பெனி நடத்தும் ஸ்ரீராம், வெயில் கொளுத்தும்போதே இரண்டு குடையோடு திரிகிறவர். "எல்லா நாடும் கதவைச் சாத்தப்போகுது. உள்ளூர்ல வித்தாத்தான் பொழைப்பு" என்பது அவருடைய அரசியல். பயம் அவரோடு நின்றிருந்தால் போகட்டும். போன மாதம் சுடர் இடப்பக்கம் சாய்ந்ததும், சாங்கி விமான நிலையத்திலிருந்து வெளிநாடுகளுக்குச் சரக்கு அனுப்பும் பிரிவையே மூடுவதென்று முடிவு செய்துவிட்டார். அந்தப் பிரிவின் மேலாளர் தாரணி. அவளோடு அங்கே வேலை பார்க்கும் அத்தனை பேரும் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

இன்று எதற்கு வந்தார்கள்? இரண்டு குடைக்காரர் அல்லவா, குறியையும் இரண்டு முறை கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஸ்ரீராம் போன் பேச ஒதுங்கிய நேரம், சித்தரின் உதவியாளர் பூவம்மா தே ஹாலியா கொண்டுவந்தார். போன தடவையும் இப்படித்தான் கொடுத்தார். அந்த இஞ்சி டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஸ்ரீராம் மனதில் இருந்ததையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டார். தாரணிக்கு அது மறக்கவில்லை.

"முதலாளி என்னம்மா நெனைக்கிறாரு?" என்றார் பூவம்மா.

"மனசே மாறிட்டார்க்கா. இப்போ வெளிநாடுதான் எதிர்காலமாம். துபாய்க்கே அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார் லா!"

பூவம்மா காலிக் கிளாஸோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இவர்களுக்கும் அழைப்பு வந்தது.

ஏர்கான் குளிரில் அறை ஜில்லென்றிருந்தது. சித்தர் கண்ணை மூடினார். ஒரு கை சால்வைக்குள் போனது. சுடர் தயங்கித் தயங்கி வலப்பக்கம் சாய்ந்தது.

"கடல் தாண்டு மகனே! அகலக்கால் வை!"

ஸ்ரீராமின் முகம் வெளுத்தது. "சாமி, போன மாசம் சுருக்கச் சொன்னீங்களே? எனக்கு வெளிநாடுன்னாலே இன்னமும் பயமாத்தான் இருக்கு..."

சால்வைக்குள் கை அசைந்தது. சுடர் இடப்பக்கம் திரும்பியது.

"அதைத்தான் சொல்ல வந்தேன். சுடர் முதலில் பக்தனைச் சோதிக்கும்."

தாரணி அண்ணாந்து பார்த்தாள். ஏர்கானில் காற்றைத் திருப்பும் தகடுகள் அப்போதுதான் இடப்பக்கம் திரும்பி நின்றிருந்தன. அவள் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள்.

"ஏம்மா, வேர்க்குமே!"

"கொஞ்சம் வேர்க்கட்டும் சாமி. சார், இப்போ கேளுங்க."

ஸ்ரீராம் கேட்டார். சித்தர் மந்திரத்தை முணுமுணுத்தார். சுடர் நிமிர்ந்து நின்றது, அசையவே இல்லை. நெற்றி வியர்வையைத் துடைக்கச் சித்தர் சால்வையை இழுக்க, ஏர்கான் ரிமோட் மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

"அப்போ... சாங்கியை மூடச் சொன்னது யாரு?" என்றார் ஸ்ரீராம்.

"நீங்கதான் சார்! போன மாசம் வெளியில டீ குடிச்சுக்கிட்டே பூவம்மாகிட்ட நீங்க சொன்னதை, உள்ள காத்தடிச்சு உங்களுக்கே வித்திருக்கார்." இத்தனை குடும்பங்களின் சோறு ஒரு ஏர்கான் தகட்டிலா தொங்கிக்கொண்டிருந்தது!

"சாங்கியில ஆர்டர் எப்படி?"

"இதை இன்னைக்குத்தான் கேக்குறீங்க. ஏறிக்கிட்டேதான் இருக்கு."

ஸ்ரீராம் தலையைக் குனிந்துகொண்டார். "மூடுறதை நிறுத்திடும்மா. நாளைக்கு நானே வந்து பாக்குறேன்."

படியில் நின்றவர்களிடம் தாரணி நடந்ததைச் சொன்னாள். சிலர் ஷூவை மாட்டிக்கொண்டு நழுவினார்கள். முன்னால் நின்ற ஒருவருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "நாம நெனைக்கிறதையே சொல்வாரா? அப்படி ஒரு ஆளைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்!" என்று உள்ளே பாய்ந்தார்.

ஐயா முதலாளிமாரே, சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தது போதும். ரிமோட் யார் கையில் என்று பாருங்கள். அப்படியே, அதை அழுத்தவைத்த வாய் யாருடையது என்று கண்ணாடியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.