டாக்சி ஐயாவின் நாலுகால் வண்டி

மொரீஷியஸில் டாக்சி ஐயா ஓட்டாத வாகனம் விமானம் ஒன்றுதான். அதையும் யாரும் ஓட்டச் சொல்லவில்லை, அதனால் ஓட்டவில்லை.

தீவெங்கும் ஹோட்டல்கள் முளைத்த எண்பதுகளில், தமிழ்நாட்டிலிருந்து நர்ஸாகப் போன எனக்கு வாய்த்த நோயாளி அவர். வடக்கே குட்லண்ட்ஸ் என்ற ஊர்க்காரர். சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கியே அறுபதைத் தொட்டவர். ஓடுகிற கார் அவரை ஒன்றும் செய்யவில்லை. நிற்கிற காரைக் கழுவும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய தமிழ் கோயிலில் பாடுகிற அளவுதான். தீவில் எல்லோரும் பேசுகிற கிரியோல் எனக்கு அதைவிட மோசம்.

ஆபரேஷன் முடிந்ததும் அவரைப் படுக்கைப்புண் வராமல் அடிக்கடி புரட்டிவிட வேண்டும். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து இரண்டு நர்ஸுகள் புரட்டுவோம். ஆனால் டாக்சி கிளம்புவதுபோல, வண்டி எங்கே போகிறது என்று முதலில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கத்துவார். நல்ல பக்கம் திருப்பினால் பாம்ப்ளமூஸ், மறுபடி மல்லாத்தினால் தேர் ரூஜ். இரண்டும் அவர் டாக்சி ஓட்டிய வழியிலுள்ள ஊர்கள். என்ன கர்மமோ, வார்டே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டது. ஐயா பாம்ப்ளமூஸில் எவ்வளவு நேரமாக இருக்கிறார் என்று பெரிய டாக்டரே ஒருநாள் விசாரித்தார்.

சக்கர நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டார். அடுத்தவர் தள்ள, இவர் சும்மா உட்கார்ந்து போவதா? "ஸாமே!" என்பார். செத்தாலும் மாட்டேன் என்று அர்த்தம்.

சிரித்துக்கொண்டிருந்த எங்களை டாக்டர் ஒருநாள் நிறுத்தினார். இன்னும் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், அப்புறம் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம், உடனே எழுந்து நிற்க வேண்டும் என்றார். நாலுகால் வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தேன். டாக்சி ஐயா அதை மேலும் கீழும் பார்த்தார். பூஜை போடாத புது வண்டியைத் தொட மாட்டாராம். சாக்கா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை அவர் விடாதது மட்டும் நிஜம்.

எனக்கு வந்ததே கோபம்! நேரே சமையலறைக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தேன். உருளாமலிருக்கப் பாதியாக வெட்டி, வாக்கரின் முன்காலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

"முழுப் பழம் வேணும், மிஸ்," என்றார்.

"வண்டி சின்னது, பாதி போதும். ஓட்டுறவர்தான் நசுக்கணும்," என்றேன்.

நசுக்க வேண்டுமென்றால் எழுந்து நின்று அழுத்தியாக வேண்டும். முருகனை முணுமுணுத்தார். நாங்கள் இரண்டு பக்கமும் தாங்க, எழுந்தார். பழம் நசுங்கி வார்டெல்லாம் வாசம். தரையைத் துடைத்துவிட்டு ஓரடி எடுக்கச் சொன்னேன். எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வார்டில் பழம் நசுக்கியதற்காக மேட்ரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பிற்பாடு நான் ஒரு பழைய கார் வாங்கியபோது, கைத்தடி ஊன்றிக்கொண்டு டாக்சி ஐயா வந்தார். நாலு சக்கரத்துக்கும் முழுப் பழமாகவே வைத்தார். பூஜை முடிந்தது. எந்தக் கதவைத் திறப்பாரோ என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, மனிதர் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"பாம்ப்ளமூஸ் போ, மிஸ்," என்றார்.